கொண்டை ஊசி

அந்தப் பூட்டை
கொண்டை ஊசியால் நான்கு விநாடியில் திறக்க முடியாது.
இருபத்தாறு வருடமாக
டலூத் நகரத்துப் பூட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவன் சொல்கிறேன்.
உள்ளே ஐந்து முள், ஐந்துக்கும் ஐந்து சுருள்வில்.
ஒன்றைத் தூக்கினால் ஒன்று விழும்.
ஒரு கை அழுத்தம் மாறாமல் இருக்க
மறு கை கேட்க வேண்டும்.
ஆமாம், கைதான் கேட்க வேண்டும்.

"அப்பா, பேசாமல் பார்" என்கிறாள் சோல்வெய்க்.
புதன்கிழமை, எட்டு மணி.
நீதிமன்றம் எனக்கென்று ஒதுக்கிய புதன்கிழமை.

திரையில் மேக்சின் டல்லி, பதினாறு வயது,
பள்ளிக்கூடப் பையில் ஒரு டார்ச்சும்
பாதி கடித்த ஆப்பிளும்.
ஊசியைத் திரும்பத் தலையில் செருகிக்கொண்டு உள்ளே போகிறாள்.
அவள் ஊரில் எப்போதும் வெயில்.
பிணம்கூட வெயிலில்தான் கிடக்கிறது,
காயப்போட்ட துணி மாதிரி.
இங்கே ஏரி உறைந்துவிட்டது.
இரும்புத்தாதுக் கப்பல்கள்
மார்ச் வரை துறைமுகத்தை விட்டு நகராது.
என் வேன் கதவைத் திறக்க
நானே லைட்டரில் சாவியைக் காட்டிச் சூடேற்றுகிறேன்.

முதலில் மகளுக்காகத்தான் பார்த்தேன்.
அவள் காய்ச்சலில் வராத ஒரு புதனிலும்
தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அதில்?
அந்த ஊரில் எதுவும் சும்மா கிடப்பதில்லை.
கிழிந்த பாதி டிக்கெட்,
தண்ணீர் காணாத பூந்தொட்டி,
பெரியவர்கள் குப்பை என்று தாண்டிப் போனதை
ஒரு சின்னப் பெண் குனிந்து எடுக்கிறாள்.
ஷெரீப் சிரிக்கிறார்.
தலைமையாசிரியர் அதட்டுகிறார்.
நாற்பத்திரண்டாவது நிமிடத்தில்
இரண்டு பேர் முகமும் தொங்குகிறது.
அதற்காகவே பார்க்கலாம்.

அப்புறம் அந்த அப்பன், மேக்சினின் அப்பன்.
நடுராத்திரி வந்து நின்றாலும்
எங்கே போனாய் என்று கேட்காமல்
முட்டை பொரித்துக் கொடுப்பவன்.
அவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

பிப்ரவரியில் ஒரு புதன்.
விளம்பர இடைவேளை, சோப்புத்தூள்.
சோல்வெய்க் சத்தத்தைக் குறைத்தாள்.
என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:
"முன்கதவுப் பூட்டை எப்போது மாற்றினாய்?"

நான் சோளப்பொரியைப் பார்த்தேன்.

"அம்மா போன பிறகு என்று சொன்னாய்.
அம்மாவின் பழைய கோட்டில் சாவி இருந்தது.
இன்றைக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை.
வேனில் கிடக்கும் ரசீதுப் புத்தகத்தில் நம் வீட்டு விலாசம்,
உன் கையெழுத்து, அக்டோபர் பன்னிரண்டு.
அம்மா போனது பதின்மூன்று."
கொஞ்சம் பொறுத்து,
"அம்மா எதுவும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்."

அவள் கையில் துப்பு.
எதிரே துப்புக்கெட்டவன் நான்.

மேக்சினிடம் மாட்டியவர்கள்
இந்த இடத்தில் நீளமாகப் பேசுவார்கள்,
ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன், எங்கே புதைத்தேன் என்று.
இரவு வேலை முடிந்து வந்தவள்
படியில் நின்று மூன்று முறை சாவியைத் திருப்பிய சத்தம்,
உள்ளே விளக்கை அணைத்துவிட்டு
நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது,
இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.
"ஆமாம்" என்றேன்.

அவள் முகத்தில் வெற்றி இல்லை.
பின்னணி இசையும் இல்லை.
எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
உள்ளே தாழ் விழுந்தது.

அந்தப் பூட்டு நான் போட்டதுதான், மலிவுச் சரக்கு.
கொண்டை ஊசியால் நிஜமாகவே திறக்கலாம்.
நான்கு விநாடி.

முட்டை பொரித்தேன்.
தட்டை வாசலில் வைத்துவிட்டு
கதவைத் தட்டினேன், ஒரே ஒரு தடவை.
காலையில் தட்டு அப்படியே இருந்தது.
அந்த வாரக் கொலையாளி யார் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த புதன்,
எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது
அவள் அம்மாவின் கார் பனியை நெரித்துக்கொண்டு வந்து நின்றது.
திறப்பது ஒரு கதவா, இரண்டா?
கையைப் பூட்டின்மேல் வைத்துக் கேட்டேன்.

ஒன்றுதான்.