நாலாவது தூண்

மனுவில் முகவரி என்ற இடத்தில்
'ஈரடுக்குப் பாலம், மூன்றாம் தூண், ஜங்ஷன்'
என்று தட்டச்சாகியிருந்தது.
சங்கிலிபூதத்தான் பீடியை அணைத்துவிட்டு
விரல் வைத்தார்.
"நாலுன்னு போடும்மா.
மூணு ஒழுகும்லா."

அண்ணன் கொம்பையா தரப்பு சொல்வது:
சித்தசுவாதீனம் இல்லாதவர்.
மானூர்ப் புஞ்சையை அண்ணனே பார்க்கட்டும்,
இவரை ஒரு காப்பகம் பார்க்கட்டும்.
அங்கே ஃபேன் உண்டு, வேளைக்குச் சோறு உண்டு.
"பூட்டு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"
அதை மட்டும் கேட்டார்.

பாளையங்கோட்டை கோர்ட், பதினெட்டாவது வழக்கு.
இன்று என்ன கிழமை?
தெரியாது.
நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள்.
சிரித்தார்.

நான் எழுந்து என் பிழையையே
சாட்சியமாக நீட்டினேன்:
அடிக்கப்பட்ட மூன்று,
மேலே அவர் கையால் நாலு.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி,
மறுபடி பார்த்தார்.
ஆனித் தேரோட்டம் கழித்து வாய்தா.

தேருக்கு முன்னால் மாநகராட்சி
பாலத்தடியைக் கழுவிவிடும்
ஆட்களையும் சேர்த்து.
நோட்டீஸை எந்தத் தூணில் ஒட்டுவார்கள்?

வண்ணார்பேட்டை பஸ்ஸில்
நகலை விரித்தபோதுதான் கண்டேன்.
நாலுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்
இன்னும் இரண்டு சொல் எழுதியிருந்தார்:
கிழக்குப் பார்த்தது.