மூன்று பல்

ஔலு நகரத்துக் கடையில்
உள்ளங்கை அகல அடுப்பொன்று
எண்பத்தொன்பது யூரோ.
டைட்டானியமாம். மடித்தால் சட்டைப்பைக்குள் போகுமாம்.
கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன்,
ஓட்டைகளை எண்ணினேன்: நாற்பத்து நான்கு.
நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.
ஓட்டை போடத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நான் பல் செய்கிறவன்.
பிடுங்குகிறவன் இல்லை, வாயில் பொருத்துகிறவனும் இல்லை.
அச்சு ஒன்று தபாலில் வரும்,
யாருடையதென்று தெரியாது, எண் ஒட்டியிருக்கும்.
ஒரு வாரத்தில்
கடைவாய்ப்பல்லாகத் திருப்பி அனுப்புவேன்.
பதினேழு வருடம்.
நான் செய்த பல் ஒன்று
ஒரு ரொட்டியைக் கடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை என்றால் இங்கே பட்டாணி சூப்.
மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து
கடுகு விழுது கலந்து குடித்தபின்
என் டப்பாவை மட்டும் கழுவிக் கவிழ்த்தேன்.
"குப்பை சேர்க்கிற வயது வந்துவிட்டதா?"
என்றாள் ஹில்ப்பா.

பீங்கான் தேய்க்கிற முனையால்
தகரத்தைத் துளைத்தேன். முனை மழுங்கியது.
அதன் விலையில் கால் அடுப்பு வாங்கியிருக்கலாம்.
யாரிடமும் சொல்லவில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
என் முதல் அடுப்பு புகைந்தது,
சைக்கிள் நிறுத்துமிடத்தில், அரை மணி நேரம்,
நெருப்பே இல்லாமல்.
ஹில்ப்பா ஜன்னலைச் சாத்தினாள்.
அடுத்து இருந்த ஜன்னலையும் சாத்தினாள்.

படுத்தபிறகுதான் பிழை புரிந்தது:
மூச்சை விட வழி வைத்தேன்,
இழுக்க வைக்கவில்லை.

இரண்டாவது,
காபி டப்பாவுக்குள் சூப் டப்பா.
இரண்டு தகரத்துக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் இடைவெளி.
அடியில் நுழைகிற காற்று அந்த இடுக்கில்
சுட்டுக்கொண்டே ஏறி
கழுத்துத் துளைகளில் வெளிவந்து
தப்பிக்கப் பார்க்கும் புகையைப் பிடித்துக் கொளுத்தும்.
தீயை உச்சியில் வைக்க வேண்டும்.
அது கீழே கீழே தின்றுகொண்டு இறங்கும்.
காகிதத்தில் வரைந்தபோது இதெல்லாம் சரியாக இருந்தது.

பாத்திரம் உட்கார விளிம்பில் மூன்று பல் வெட்டினேன்.
நான்கு வைத்தால் ஒன்று எப்போதும் ஆடும்.

செப்டம்பர் கடைசி வாரம், ஹோஸா, ஏரிக்கரை.
மழை நின்று ஒரு மணி நேரம்,
மரங்கள் இன்னும் நிறுத்தவில்லை.
ஸ்ப்ரூஸின் தாழ்ந்த கிளைகளுக்குள் கைவிட்டால்
தண்டை ஒட்டி, நனையாமல்,
காய்ந்துபோன சுள்ளி.
விழுந்து கிடந்த பிர்ச்சில் கொஞ்சம் பட்டை;
நிற்கிற மரத்தை உரிக்கக் கூடாது.

முதலில் டப்பாவின் சிவப்புச் சாயம் கருகி நாறியது.
வழக்கமான புகை, வழக்கமான இருமல்.
மனசுக்குள் எண்பத்தொன்பதை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.
அப்புறம் சத்தம் மாறியது,
துணி கிழிபடுவதுபோல, மெதுவாக.
கழுத்துத் துளை ஒவ்வொன்றிலும்
சின்னதாய் ஒரு நாக்கு,
எல்லாம் உள்ளே பார்த்து.
புகையைக் காணோம்.
கெட்டிலை வைத்தேன். ஆடவில்லை.
என் பல் வேலை செய்கிறது,
நான் குந்தியபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
முழங்கால் நனைவது தெரியாமல்.

அடுத்த கூடாரத்து ஆள் வந்தான், ஓஸ்மோ,
கேஸ் தீர்ந்துவிட்டதாம், தம்ளரோடு.
"எங்கே வாங்கினது?"
"சூப் வாங்கினேன். அது கூட வந்தது."
சிரித்தான்.
மேல் வரிசையில், இடப்பக்கம்,
ஒன்று மட்டும் ஒரு மாற்று அதிக வெள்ளை.

குனிந்து சுள்ளி போடுகிற சாக்கில்
இன்னொரு தடவை பார்த்தேன்.
விளிம்பு என் கை இல்லை.
வேறு யாரோ.
நல்ல வேலை.

காபி பொங்கி
கால்வாசி தீயில் விழுந்தது.