கனக்க

காசு எண்ணமுடியாத பெயர்ச்சொல்லாம்.
கொக்குவில் சந்தி, பாமசிக்கு மேல்மாடி,
பச்சைப் பேனையால் பலகையில் எழுதுகிறார் நிதர்சன் சேர்.
என்னிலும் ஒன்பது வயது இளையவர்.

சிரித்துவிட்டேன்.
மருதனார்மடம் கிராமிய வங்கியில்
ஒன்பது மணிதொட்டு மூன்று மணிவரை
ஈரப் பஞ்சில் விரல் தொட்டுத் தொட்டு
வேறென்னத்தை எண்ணுகிறேனாம்?

"நீங்கள் எண்ணுறது தாள், அக்கா.
தாளுக்கு மெனி. காசுக்கு மச்."

சரி. அரிசிக்கும் மச்.
தலைமயிருக்கும் மச்தான்,
ஆனால் புட்டுக்குள் கிடந்தால்
அந்த ஒன்றை எண்ணலாமாம்.
வகுப்பே சிரித்தது.

எத்தினை, எவ்வளவு
எங்களிட்டையும் இருக்குத்தானே சேர், என்றேன்.
ஓம் என்றார்.
பிறகு அவரே யோசித்தார்:
கனக்கச் சனம், கனக்கத் தண்ணி.
கனக்க என்றால்
எண்ணியும் இல்லை, நிறுத்தும் இல்லை,
தூக்கிப் பார்த்துச் சொல்வது.

அடுத்த கிழமை பியூ, லிற்றில்.
முன்னால் ஒரு 'அ' நின்றால்
கொஞ்சமாவது இருக்கிறது.
அது இல்லாவிட்டால்
இருப்பதும் இல்லாதது மாதிரி.
ஒரேயொரு எழுத்து, சேர்?
ஒரேயொரு எழுத்து.

செவ்வாய்க்கிழமை கவுண்டரில் இராசமலர்,
புன்னாலைக்கட்டுவன்.
மழையில் வெங்காயம் அழுகிப்போன கை,
பொலித்தீன் பையில் சுற்றிய பாஸ்புத்தகம்.
"ஏதும் கிடக்கோ பிள்ளை?"
திரையில் நானூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம்.
"கொஞ்சம்தான் கிடக்கு" என்றேன்.

புத்தகத்தை மறுபடி பைக்குள் வைத்து
இறப்பர்பாண்டை இரண்டு சுற்றுப் போட்டுப் போனா.
பின்னால் நின்றவர் காசோலையை நீட்டியபோதுதான்
எனக்கு உறைத்தது:
அந்தத் 'தான்' என் வாயிலிருந்து வந்தது.
கொஞ்சம் கிடக்கு என்றிருக்கலாம்.
அதே நானூற்றுப் பன்னிரண்டு,
அதே ஐம்பது சதம்.

இரவு குரொய்டனிலிருந்து இவர்.
சோதனைத் திகதி வந்ததோ,
விசாவுக்கு எவ்வளவு முடியும்,
அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம்.
வைக்கும்முன்,
"இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றார்.

அதே தான்.
காசில் விழுந்தால் குறைக்கிறது,
நாளில் விழுந்தாலும் குறைக்கிறது.
ஆனால் ஒருத்தி பையைக் கட்டிக்கொண்டு போகிறா,
ஒருத்தி லைற்றை நூர்க்காமல் இருக்கிறாள்.
இதற்கு சேரிடம் விதி இருக்குமோ தெரியாது.

வீட்டுவேலை, இடைவெளி நிரப்புக, பத்தாவது:
காலம்.
இடத்துக்கேற்றபடி இரண்டும் வருமாம்.
ஒன்பதையும் பேனையால் எழுதினேன்.
பத்தாவதை மட்டும்
பென்சிலால்.