இடைவேளைக்குப் பின்

புதன்கிழமை மதியக் காட்சி. கிளீவ்லாந்தில் ஈரப்பனி.
ஒரு பியானோ, நான்கு குரல்கள்,
போன வருடம் இறந்த லோவெல் ட்ரஸ்க்
நாடகங்களுக்குப் போட்ட இருபத்தாறு பாட்டுகள்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் கூடவே பாடுகிறார்,
அரை வரி முந்தி.
மனைவி முழங்கையால் இடிக்கிறாள். பயனில்லை.
யாருடையதோ காதுக்கருவி கீச்சிட,
பியானோக்காரர் அதே சுரத்தைத் தொட்டுவிட்டுத் தொடர்கிறார்.
அதற்குத்தான் அதுவரை பெரிய கைதட்டல்.

"இந்த ஆள் மெட்டு ஒன்றுகூட மனசில் நிற்காது" என்று
கழிவறை வரிசையில் அலுத்துக்கொண்ட வெல்மா ஹ்ருஷ்கா
கைகழுவும்போது முனகியது அவர் மெட்டைத்தான்.

டிக்கெட் கிழிக்கிறவன் நான். சொல்ல வந்தது
ஏர்லீன் கோவாச்சைப் பற்றி.
எண்பத்திரண்டில், நான்கே நாள் ஓடிய அவர் நாடகத்தை
இடைவேளையோடு விட்டுப் போனவள். கடைசிப் பேருந்து.
மறுவாரம் அரங்கம் பூட்டு.
கப்பல் கிளம்பியதா, அந்தத் தையல்காரி ஏறினாளா,
நாற்பது வருடம் கேட்க ஆளில்லை.

இன்று, முன்னுரை எதுவுமில்லாமல்,
தையல்காரி கரையில் நின்று பாடினாள்.

ஏறவில்லை.

எல்லோரும் எழுந்து தட்டினார்கள்.
ஏர்லீன் மட்டும் உட்கார்ந்தபடியே
"அடிப் பாவி" என்றாள்,
இருக்கைக்கடியில் கையுறையைத் தேடிக்கொண்டு.