மூன்றாம் குழு

பழைய ஜெர்சியின் ஜிப்
நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டது.
அதில் அச்சிட்டிருக்கும் கறிக்கடையும் இப்போது இல்லை;
அங்கே காதுக் கருவி விற்கிறார்களாம்.

ஞாயிறு எட்டு மணி. டிக்ஸ்முய்டே, தேவாலயத்தின் பின்பக்கம்.
பதினோரு வருஷம் கழித்துக் கையெழுத்துப் போடுகிறேன்.
"எந்தக் குழு?" என்றார் யோரிஸ், தலை நிமிராமல்.
மூன்று என்றேன்.
அப்போதுதான் நிமிர்ந்தார்.

கால்வாய்க் கரையில் காற்று
வழக்கம்போல் கடலிலிருந்து, வழக்கம்போல் முகத்தில்.
டிராக்டர் உதிர்த்துப்போன பீட்கிழங்குச் சேறு
பல்லில் நறநறத்தது.
என் முறை வந்தது. முன்னால் போனேன்.
கால்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலும்.
திரும்பினால் இருநூறு மீட்டர் பின்னால்
ஒன்பது பேர்.
தபால்காரி கோடலீவ வாயருகே கை குவித்துக் கத்தினாள்:
"யாரைத் துரத்துகிறாய், வன்னெஸ்?"

ஒற்றைக் கால் ஊன்றிக் காத்திருந்தேன்.
இந்தச் சாலையில் நான் நின்றதே இல்லை.
நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இது
முன்னே போகிறவனின் பின்சக்கரம், அவ்வளவுதான்.
இப்போது ஒரு வேலி,
வேலிக்கழியில் கவிழ்த்த ஒற்றை ரப்பர் பூட்ஸ்,
சளி பிடித்த மூச்சோடு
என்னையே பார்க்கும் ஒரு மாடு.

வந்து சேர்ந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.
கோடலீவ அரை வாழைப்பழம் நீட்டினாள்,
கையுறை நூல் ஒட்டிய பாதியை.

திரும்பும் வழியில் முதல் குழு எங்களைக் கடந்தது,
"இடப்பக்கம்!" என்ற கூச்சலும்
செயின் இரைச்சலுமாக.
என் உடம்பு சீட்டைவிட்டு
அரை அங்குலம் எழும்பியது.
பிறகு உட்கார்ந்தது.

கோடலீவ பார்த்துவிட்டாள்.
சிரித்தாள், பாவி.