மூன்றாவது மடை

சர்க்கரை இருநூற்றுப் பத்து.
சீட்டில் வட்டம் போட்டுத் தந்த டாக்டர்
நடக்கத்தான் சொன்னார்,
நிற்கச் சொல்லவில்லை.

மாசி பாதியில் தொடங்கினோம்.
ஆறேகாலுக்கு பிரம்மசக்தியின் மிஸ்டு கால் வரும்.
பணிமனையில் நாள் பூராவும் சில்லறை எண்ணுகிறவள்;
எதையும் பாதியில் விட அவளால் ஆகாது.
வாகைகுளத்தின் முதல் மடையில் ஏறி
மறுகால் தொட்டுத் திரும்பினால்
ஆறாயிரத்துச் சொச்சம் அடி.
கதிர் அறுக்கிற மாதிரி கையை வீசி அவள் முன்னால்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால்.

முதல் வாரம் குளத்தில் இருந்தது
வெள்ளையாய் இருந்தால் கொக்கு,
கறுப்பாய் இருந்தால் காக்கா,
மூழ்கினால் ஏதோ ஒன்று.

எட்டாம் நாள் மூன்றாவது மடையருகே
ஏதோ ஒன்று மூழ்கியது.
எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பவில்லை.
நின்றேன்.
பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன்.
எங்கேயோ தள்ளி, தேங்காய் நெற்று மிதப்பதுபோல்,
தலையில் ஒரு சொட்டு ஈரம் ஒட்டாமல் எழுந்து
என்னைப் பார்த்தது முக்குளிப்பான்.
‘ஏ, கால் வலிக்கா?’
‘இல்ல, நீ போ.’
அன்றைக்குப் போன் சொன்ன கணக்கு நாலாயிரத்து முந்நூறு.

அதோடு கெட்டது என் நடை.

ஜங்ஷனில் கடிகாரம் பழுது பார்க்கும் மைதீன் பிச்சையிடம்
எழுநூறு ரூபாய்க்கு ஒரு பழைய பைனாகுலர்.
இடது கண்ணாடியில் பூசணம்.
அதனால் நான் பார்த்த பறவைக்கெல்லாம்
இடப்பக்கம் கொஞ்சம் பனி உண்டு.
அந்தப் பனிக்குள் நின்று பவளக்கால் உள்ளான்
ஒவ்வொரு காலாய்த் தண்ணீரிலிருந்து உருவும்,
துணியிலிருந்து ஊசியை எடுப்பது போல.
நீலத் தாழைக்கோழிக்கு
பட்டுச்சேலையோடு வயலில் இறங்கிவிட்ட கூச்சம்.
நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை இட்டதோடு சரி,
எந்நேரமும் சண்டை.

ஜெபசிங் சாரின் ஆட்கள் ஏழு பேர்
மடைமேல் நின்று கையைத் தூக்கி
ஹா ஹா என்று சிரித்துப் பயிற்சி எடுப்பார்கள்.
முதல் ஹாவுக்கு உள்ளான்கள் எழும்பும்.
இரண்டாவது ஹாவுக்கு உட்காரும்.
மூன்றாவதைக் கண்டுகொள்ளாது.
அவற்றுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் இல்லை.

பங்குனியில் பிசான அறுப்பு மெஷின் ராத்திரியும் ஓடியது.
குளம் தினமும் ஒரு முழம் பின்வாங்கிச் சேறு விட்டது.
சேறு விட்ட இடமெல்லாம் கூட்டம்.
கரை நெடுக வேப்பம்பூ மிதிபட்டுக் கசந்தது காற்று.
வடக்கே போகவேண்டிய நீலச்சிறகிக் கிளுவைகள்
ஒரே மூலையில் நெருங்கிக் கிடந்து தின்றன,
தின்றன,
எனக்கு எழுதித் தந்ததற்கு நேர் எதிர் வைத்தியம்.

வெள்ளிக்கிழமை எண்ணினேன், நூற்று எண்பத்தாறு.
சனிக்கிழமை நூற்று நாற்பதில் இருக்கும்போது
மாடு பத்துகிற பையன் மணி கேட்டான்,
விட்டுப்போயிற்று.
ஞாயிற்றுக்கிழமை எண்ண ஒன்றுமில்லை.
வெறும் தண்ணீர்.
அதில் தலைகீழாய்ப் பொதிகை.

பைனாகுலரை இறக்காமல் நின்றேன்.
செருப்புச் சத்தம் என் பக்கத்தில் வந்து ஓய்ந்தது.
பிரம்மசக்தி.
மறுகாலைத் தொடாமலே திரும்பியிருக்கிறாள்.
‘எங்க உன் வாத்து?’
‘போயிட்டு.’
‘அம்புட்டுமா?’
பதிலுக்கு நிற்காமல் கண்ணாடியைப் பிடுங்கினாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
துட்டு எண்ணுகிற உதடு அசைந்தது.
‘பதினொண்ணு கெடக்கு’ என்றாள்,
‘அந்தா, அமலைக்கு அங்க. ஒண்ணு ஒத்தக் கால்ல நிக்கி.
என்னத்த எண்ணுத நீ?’

திருப்பித் தரவில்லை.
ஒற்றைக்கால் மற்றக் காலை இறக்கும்வரை
ரெண்டு பேரும் அங்கேயே.
போன் அன்றைக்கு ஆயிரத்து எண்ணூறோடு முடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை
மிஸ்டு கால் ஆறு மணிக்கே வந்தது.