மேல்தொட்டி

கீழக்கரை முஹ்சினின் சிவப்பு வண்டியில்
இரண்டு பேர் உட்காரலாம்.
மூன்றாவதாக உப்பு ஏறிக்கொள்ளும்.

ரேடியேட்டர் மேல்தொட்டியில் விரிசல்.
மதுரையில் கைவிரித்துவிட்டார்கள்,
இந்த மாடலுக்கு இனி தொட்டி வராதாம்.

தங்கச்சிமடத்தில் நான்
வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுகிறவள்.
'வெளித்தண்ணி உள்ளே வரக்கூடாது, அது வள்ளம்.
உள்தண்ணி வெளியே போகக்கூடாது, இது கார்.
அவ்வளவுதானே' என்றேன்.

அவ்வளவு இல்லை.
பாம்பன் பாலத்து நடுவிலேயே
முதல் ஒட்டு பொருக்காய் உரிந்தது.
கடல் கொதிப்பதில்லை. இது கொதிக்கும்.

இரண்டாம் தரம்
விரிசலின் இரு முனையிலும் ஊசித்துளை போட்டேன்,
மேற்கொண்டு ஓடாமலிருக்க.
சால்டரிங் கோலைச் சுடவைத்து
கொசுவலைக் கம்பியைத்
துண்டு துண்டாய்ப் பிளாஸ்டிக்குக்குள் அமிழ்த்தினேன்.
நாற்றத்தில் எமல்டா எழுந்து
கடற்கரைக்குப் போய்விட்டாள்.
மேலே ரெட்டைப் பசை.
கச்சான் காற்று மணலைக் கொண்டுவந்து பூசும் என்று
சோற்றுப்பானையைக் கவிழ்த்து மூடினேன்.

விடிந்து ஓட்டிப் பார்த்தோம்.
சூட்டு முள் பாதியில் நின்றது.
'கூலி?'
'தொண்டி வரை போய்த் திரும்பி வா, வாங்கிக்கிறேன்.'

இருட்டிவிட்டது.
வண்டி நின்றுவிட்டதா,
அவனுக்கு நிறுத்த மனமில்லையா?
பானை விளிம்பில் பசை.
தேங்காய்நாரால்
இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.